பெண்ணின் உழைப்புக்கு உறுதி எங்கே?

(கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் மாதர் சங்கத்தினர் எட்டியாந்தோட்டையில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிறுதொழிலும் மாதர் சங்கமும் என்பது இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. அப்பம் சுடுவதையும் ஆடு வளர்ப்பதையும் பற்றிப் பேச வழக்கறிஞர் எதற்கு, அரசியல் இயக்கத்தார் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் தவறானது என்பதைக் காட்டுவதே நமது நோக்கம். தோட்டத்துப் பெண் தன் கையால் உண்டாக்கும் செல்வம் எவ்வளவு, அது ஏன் வளராமல் நிற்கிறது என்று தேடிச் சென்றால், அந்தப் பாதை அடுப்படியில் தொடங்கிக் காணிப் பதிவகத்தின் வாசலில்தான் போய் முடிகிறது.

சப்ரகமுவத் தோட்டங்களின் பொருளாதாரம் என்றால் கொழுந்தும் ரப்பர்ப் பாலும் என்றுதான் நாட்டார் நினைக்கிறார்கள். துறைமுகத்தில் ஏறும் பெட்டிகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஏலத்தில் விழும் விலையைக் கணக்கெடுக்கிறார்கள். மாலையில் நிறுவை முடிந்து கூடையை இறக்கி வைத்த பிறகு அதே பெண் தொடங்கும் இரண்டாவது வேலைநாளை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்த இரண்டாவது வேலைநாளைப் பற்றியே நாம் இன்று பேசுகிறோம்.

மழையும் அடுப்பும்

தெரணியகலையிலும், எட்டியாந்தோட்டையிலும், இரத்தினபுரிப் பக்கத்தின் பல தோட்டங்களிலும் ரப்பர் மரத்தோடு வாழ்கிற குடும்பங்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பால் வெட்டு விடியற்காலை வேலை. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தில் வழிந்து போகும். நாட்டிலேயே மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று இது. மழை பெய்கிற நாளில் பேர் இல்லை; பேர் இல்லாத நாளில் சம்பளம் இல்லை. பிள்ளைகளின் பசி மட்டும் மழைக்காக நிற்பதில்லை.

அந்த வெறுமையை நிரப்புவது யார்? இஸ்தோப்பின் மூலையில் அடுப்பு மூட்டி ரொட்டியும் இடியப்பமும் விற்கிற தாய். பழைய தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற மகள். லயத்தின் பின்புறத்தில் இரண்டு ஆடுகளைக் கட்டி வளர்க்கிற பாட்டி. கறிமிளகையும் கீரையையும் சேகரித்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போகிற மாமி. இவர்களுடைய வருமானம் சிறிது. ஆனால், அது வரும் நேரம் பெரிது. சம்பளம் வரும் நாளுக்கும் அரிசி முடியும் நாளுக்கும் இடையிலே குடும்பத்தைத் தாங்கி நிறுத்துவது இந்தச் சிறு வருமானமே.

தெரணியகலைப் பக்கத்தில் ஒரு தாயை நாம் அறிவோம். நாளொன்றுக்கு 30 ரொட்டி சுட்டுத் தன் தொழிலைத் தொடங்கியவர். 2022இல் நாடு வங்குரோத்தாகிக் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, பட்டணத்துக் கடைகளே கதவை மூடின. இந்தத் தாய் மூடவில்லை. அவரும் அவருடைய சங்கத்துப் பெண்களும் கூடிப் பேசினார்கள். மாவு மூட்டையைப் பொதுவில் வாங்கிப் பங்கிட்டார்கள். மாவு கிடைக்காத நாட்களில் மரவள்ளியையும் ஈரப்பலாவையும் அவித்து விற்றார்கள். அந்த ஆண்டில் அந்த லயத்துப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகாமல் காத்தது எந்த அமைச்சும் அல்ல, எந்தக் கம்பனியும் அல்ல. 20 பெண்களின் ஒரு கூட்டம். இந்தத் தாயின் கதைக்கு நாம் மறுபடியும் வருவோம்.

சட்டம் பெண்ணை எடைபோட்ட விதம்

பெண்ணின் உழைப்பைக் குறைத்து மதிப்பது வெறும் வழக்கம் மட்டுமன்று. ஒரு காலத்தில் அது சட்டமாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் வேதனம் நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு ஒரு வீதம், பிள்ளைக்கு ஒரு வீதம் என்று மூன்று படிகள் வைத்தார்கள். தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். கொழுந்து பறிப்பதில் ஆணை மிஞ்சிய பெண்ணுக்கும் அதே 40 சதந்தான். அந்த வேற்றுமை ஒழிந்து ஆணும் பெண்ணும் சம வேதனம் பெற்றது 1984ஆம் ஆண்டில், தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பிறகு. கணக்கிட்டுப் பாருங்கள்: அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு வேலைநாளிலும், பெண்ணின் கூலியிலிருந்து ஒரு பங்கு சட்டத்தின் பெயரால் பிடிக்கப்பட்டது.

சமமான சம்பளம் வந்த பிறகேனும் அது அவள் கைக்கு வந்ததா? மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கையெழுத்திட்டு வாங்கும் பழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அந்தப் பணம் வீட்டுக்கு வரும் வழியில் சாராயக் கடை இருந்தது என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? மணமான பெண்ணின் உழைப்பூதியம் அவளுடைய தனிச் சொத்து என்பது 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனச் சட்டத்தின் கோட்பாடு. தோட்டத்துப் பெண்ணுக்கும் அந்தச் சட்டமே உரியது. நூறாண்டு கடந்த உரிமை இது. கணவர்மாரே, மனைவியின் சம்பளத்தை வாங்குவது உங்கள் உரிமையென்று எவரேனும் சொல்லியிருந்தால், அவர் சட்டம் படித்தவர் அல்லர்.

20 பேரின் பெட்டி

இனி மாதர் சங்கத்துக்கு வருவோம். சங்கம் என்றால் மாலையிட்டுப் படம் பிடிக்கும் சங்கத்தை நாம் சொல்லவில்லை. 20 பெண்கள் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூடுகிறார்கள். ஒருவருக்கு 100 ரூபா. வாரத்துக்கு 2,000 ரூபா. 52 வாரத்துக்கு 104,000 ரூபா. இந்தத் தொகையை எந்த வங்கியும் இவர்களுக்குத் தரவில்லை. எந்த அரசியல்வாதியும் தரவில்லை. இது இவர்கள் கையிலேயே இருந்த பணம். தனித்தனியே இருந்தபோது அது கண்ணுக்குத் தெரியவில்லை, சேர்ந்தபோது முதலாயிற்று.

இந்த முதல் செய்யும் வேலையைப் பாருங்கள். தோட்டத்தில் அவசரத்துக்குக் கடன் வாங்கினால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. 10,000 ரூபா வாங்கியவர் மாதம் 1,000 ரூபா வட்டி கட்டுகிறார். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 10,000 ஆகிறது. முதல் அப்படியே நிற்கிறது. சங்கத்தில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், முதலில் ஒரு சதமேனும் குறைக்காத பெண் கூடப் பத்து மாதத்தில் 2,000 ரூபாதான் வட்டி கட்டுகிறார். அந்த 2,000 ரூபாவும் வெளியே போகவில்லை. அடுத்த பெண்ணுக்கு முதலாகச் சங்கத்துப் பெட்டியிலேயே தங்குகிறது. தோட்டத்திலிருந்து வெளியே ஓடிக்கொண்டிருந்த செல்வத்தை உள்ளேயே திருப்பி விடுவது இது. பொருளாதார வல்லுநர்கள் பெரிய சொற்களால் சொல்வதை இந்தப் பெண்கள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டுச் செய்கிறார்கள்.

இது கனவு என்று நினைப்போர் வெகுதூரம் போக வேண்டாம். இதே கேகாலை மாவட்டத்தின் வல்கம என்ற சிங்களக் கிராமத்தில் 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய என்பவர், ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிப் பின்னர் நலிந்து கிடந்த சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அதுவே சணச இயக்கமாக நாடெங்கும் பரவியது. 1997இல் தனக்கென ஓர் அபிவிருத்தி வங்கியையும் நிறுவியது. அந்த இயக்கத்தின் வலிமை பெண்களின் சிறுசேமிப்பிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணால் முடிந்தது, அந்தப் பக்கத்து லயத்துப் பெண்ணால் முடியாதா?

இந்தியாவிலே அகமதாபாத்தில் சட்டம் படித்த இலா பட் அம்மையார், கூடை சுமப்பவர்களையும் தெருவில் காய்கறி விற்பவர்களையும் வீட்டிலிருந்து தைப்பவர்களையும் திரட்டி 1972இல் ‘சேவா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். பதிவு செய்யப் போனபோது, “உங்களுக்கு முதலாளி இல்லையே, முதலாளி இல்லாமல் தொழிற்சங்கம் எப்படி?” என்று தடை எழுந்தது. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமன்று, உழைப்பவர் ஒன்றுபடுவதற்காகவும் என்று வாதாடி அவர்கள் பதிவு பெற்றார்கள். 1974இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபா போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே நிறுவினார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. பகலில் அவள் கம்பனியின் தொழிலாளி. மாலையில் முதலாளி இல்லாத தொழிலாளி. பகலுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. மாலைக்கும் ஒரு சங்கம் வேண்டும்.

சங்கம் பணத்தை மட்டும் சேர்ப்பதில்லை. வாரந்தோறும் கூடுகிற இடத்தில் பிள்ளைக் காம்பராவின் நிலைமை பேசப்படுகிறது; பள்ளிக்கூடத்தை விட்ட சிறுமி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படாமல் தடுக்கப்படுகிறாள்; அடித்த கணவன் மறுநாள் 20 பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டியவனாகிறான். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், அன்றே புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயம் புதைந்ததையும் இம்மாவட்டம் மறக்காது. அத்தகைய இரவில் எந்தக் காம்பராவில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யார் நடக்க முடியாதவர் என்று அதிகாரிகளின் ஏட்டைவிட நன்றாக அறிந்திருப்பவர்கள் வாரந்தோறும் கூடுகிற பெண்களே. இந்த அறிவுக்கு விலை போட முடியுமா?

கடனைத் தொழில் என்று எண்ணாதீர்

இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளில் வந்து, ஐந்து பெண்களின் கையெழுத்தை வாங்கி, அரை மணியில் கடன் தரும் கம்பனிகளையும் மாதர் சங்கத்தையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பணம் வெளியிலிருந்து வருகிறது; வட்டி வெளியே போகிறது; ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் அவளுக்குப் பகைவராகிறார்கள். இந்தக் கடனின் சுமை தாங்காமல் பெண்கள் தவித்ததால்தான், 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் கடன் ஒழிப்பைக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தம் சேமிப்பிலிருந்து பிறக்கும் கடன் வேறு. தம் வறுமையைக் குறிவைத்து வரும் கடன் வேறு. இந்த வேற்றுமையை ஒவ்வொரு சங்கமும் முதற் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியும் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. “சிறுதொழில், சேமிப்பு என்று பேசினால் சம்பளப் போராட்டம் தளர்ந்துவிடாதா? ‘பெண்கள் ரொட்டி விற்றுப் பிழைக்கிறார்களே, சம்பளம் எதற்கு உயர வேண்டும்?’ என்று கம்பனிகள் சொல்லமாட்டார்களா?” என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது, அதற்கு ஈடாகப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்படுகிறது என்ற முறைப்பாடு தோட்டந்தோறும் எழுந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்ததும் நெடும் இழுபறிக்குப் பின்னரே. ஆகவே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறோம்: சிறுதொழில் சம்பளத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் வாரத்தில் போராட்டம் எங்கே தளர்கிறது? கடைக்காரன் கடன் கொடுக்க மறுக்கும் இடத்தில். பெட்டியில் பணமும் கூடையில் அரிசியும் உள்ள பெண்களின் தோட்டம், நான்காம் வாரத்தையும் நின்று பிடிக்கும். மாதர் சங்கம் சம்பளப் போராட்டத்துக்கு எதிரி அல்ல, அதன் களஞ்சியம்.

காலடி நிலம் யாருடையது?

இப்போது அந்தத் தெரணியகலைத் தாயின் கதைக்கு வருவோம். தொழில் வளர்ந்தது. 30 ரொட்டி 100 ஆனது. பட்டணத்துக் கடைகள் இரண்டு தினமும் வாங்க முன்வந்தன. வெதுப்பி ஒன்று வைக்க எண்ணி இஸ்தோப்பை ஒட்டித் தகரக் கொட்டில் ஒன்று போட்டார். சில நாட்களில் கடிதம் வந்தது: தோட்டத்துக் காணியில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட கொட்டிலை அகற்றுக. அதற்கிடையில் வெதுப்பிக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போயிருந்தார். நம்மிடம் அவர் சொன்னது இது: “ஐயா, பேர் கேட்டார்கள், சொன்னேன். விலாசம் கேட்டார்கள், தோட்டத்தின் பேரைத்தான் சொல்ல முடிந்தது. காணி உறுதி கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன்.”

அவருக்குத் திறமை இல்லையா? சந்தை இல்லையா? நாணயம் இல்லையா? சங்கத்தில் ஒரு தவணையும் தவறாதவர். எல்லாம் இருந்தன, காலுக்குக் கீழே நிலம் மட்டும் இல்லை. மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் வாழ்ந்த குடும்பத்துக்கு ஒரு வீட்டு இலக்கம் இல்லை. தபால் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலேனும் வந்து சேர வேண்டும். வேலைக்கான அழைப்புக் கடிதம் நாள் கடந்து கிடைத்த பிள்ளைகளை நாம் அறிவோம்.

இந்தக் கொட்டில் கடிதத்துக்கு ஒரு நீண்ட வமிசாவளி உண்டு. 1946இல், இங்கிருந்து தொலைவில்லாத புளத்கொஹுபிட்டியவில், நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்தது. அங்கே வாழ்ந்த நம் தொழிலாளரை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். தாம் பிறந்து வளர்ந்த வீட்டிலே இருந்தமைக்காக அவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டது. மாவட்டத் தோட்டங்கள் கொதித்து எழுந்தன. வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரைத் தாங்கிய அந்த வழக்கின் தீர்ப்பு, தன் வீட்டைக் காத்துக்கொள்வதையே நோக்கமாகக் கொண்டு தங்கியிருப்பவன் குற்றவாளி ஆகான் என்ற விதியை நிலைநாட்டியது. சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் வழக்கறிஞர் என்ற முறையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம்: அந்தத் தீர்ப்பு நம்மவரைச் சிறையிலிருந்து காத்தது, அவர்களுக்கு அந்த நிலத்தைக் கொடுக்கவில்லை.

அத்தோட்டம் எதற்காகச் சுவீகரிக்கப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. காணியற்ற சிங்களக் கிராமத்தவருக்குப் பங்கிடுவதற்காக. அவர்களுடைய குறையும் உண்மையான குறையே. தோட்டம் அவர்களுடைய கிராமத்தை நெருக்கியது. நம்மவரை லயத்தில் அடைத்தது. இரு ஏழைகளையும் ஒரே துண்டுக் காணிக்காக மோதவிட்ட அந்த அரசியலின் விளைவை நாம் பின்னர் அனுபவித்தோம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோயின. 1964இல் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் சட்டி பானையோடு வவுனியாவுக்குப் போயின. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் நீங்கியது 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால். வாக்கு வந்தது, காணி வரவில்லை.

இன்று அந்தக் காணி யாருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 1992இல் நிர்வாகமும் பின்னர் குத்தகையும் கம்பனிகளுக்குப் போயின. நிலவுரிமை அரசாங்கத்திடமே தங்கியது. ஆகவே நாம் எவருடைய சொத்தையும் பறித்துத் தரச் சொல்லவில்லை. அரசாங்கம் தன் காணியில் ஒரு துண்டை அதிலே தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்தியவருக்கு எழுதித் தரவேண்டும் என்றே கேட்கிறோம். அயலில் பாருங்கள். இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டதை இன்று விளைவிப்பவர்கள் சிறுதோட்ட உடைமையாளர். அதிலே இரத்தினபுரி முன்னணி மாவட்டங்களில் ஒன்று. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உள்ள கிராமத்தவர் தம் கொழுந்தைத் தாமே விற்கிறார்கள். அந்தப் பயிரை இந்நாட்டில் பரப்பிய மக்களுக்கோ, ஒரு செடி சொந்தமில்லை.

தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை 2015க்குப் பின்னர் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபைச் சட்டமும், தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் பணி செய்வதற்கு இருந்த தடையை நீக்கும் திருத்தமும் 2018இல் நிறைவேறின. நல்லன. ஆனால் உறுதி என்று மேடையில் வழங்கப்பட்ட தாள்கள் சிலவற்றை நாம் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறோம். சிலவற்றில் எல்லை இல்லை; சிலவற்றில் நில அளவைப் படத்தின் இலக்கம் இல்லை; சிலவற்றில் பதிவு இல்லை. எல்லையும் படமும் பதிவும் இல்லாத தாளைச் சுவரில் மாட்டலாம். வங்கியில் வைக்க முடியாது.

அப்படி உறுதி கிடைக்கும் இடத்திலும் அது பெரும்பாலும் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதப்படுகிறது. குடும்பத் தலைவர் யார் என்று சங்கத்தின் சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்லட்டும்! அரச காணி வழங்கும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில் வாரிசு முறையில் மகனுக்கு முதலிடம் கொடுத்திருந்ததைப் பாராளுமன்றம் 2022இல் திருத்தியது. அந்த நீதி லயத்துக்கும் வரவேண்டும். இருவரும் உழைத்த வீட்டின் உறுதியில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். கணவனை இழந்தவளும் தனித்து வாழ்பவளும் தம் பெயரிலேயே பெற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, அளந்து, எல்லையிட்டு, பதிவு செய்யப்பட்ட உறுதி. அதிலே பெண்ணின் பெயர். வீட்டோடு ஓர் ஆட்டுக் கொட்டிலுக்கோ வெதுப்பிக்கோ போதிய இடமும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம், தபால் நேரே வரும் ஒரு விலாசம். உறுதி வரத் தாமதமாகலாம், இலக்கம் எழுதத் தாமதம் எதற்கு? மூன்றாவது, பெண்ணின் சம்பளம் அவளுடைய சொந்தக் கணக்குக்கே போக வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. வழக்கறிஞர்களே, நொத்தாரிசுமாரே! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தோட்டத்துக்குத் தாருங்கள். கையிலுள்ள தாள் உறுதியா, வெறும் தாளா என்று படித்துச் சொல்லுங்கள். சங்கங்களைக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய உதவுங்கள். ஆசிரியர்களே! வரவும் செலவும் இருப்பும் எழுதும் முறையைச் சங்கத்துக்கு இரண்டு பெண்களுக்கேனும் பழக்குங்கள். கணக்குத் தெளிவாக இல்லாத சங்கம் சந்தேகத்தில் உடையும். வங்கிகளில் பணியாற்றும் நம் இளைஞர்களே! தவணை தவறாத சேமிப்புப் புத்தகமும் ஒரு பிணைதான் என்று உங்கள் மேலதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வடக்கிலும் வன்னியிலும் இவ்வுரையைப் படிக்கப் போகும் கமக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வெங்காயமும் செத்தல் மிளகாயும் உழுந்தும் பல கைகள் மாறி, விலை ஏறி, இறுதியில் தோட்டத்துக் கடையை வந்தடைகின்றன. விற்றவர் உங்களுக்கும் ஆதாயமில்லை. வாங்கிய இவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. உங்கள் கூட்டுறவுச் சங்கமும் இவர்களின் மாதர் சங்கமும் நேரே வாங்கி விற்கத் தொடங்கினால் இடையில் கரையும் பணம் இரு பக்கத்துக்கும் மிஞ்சும். வவுனியாவிலே இன்று வயல் செய்யும் பலரின் பெற்றோர் இந்த மலைகளிலிருந்து வந்தவர்கள். இது தருமம் அன்று. உறவினரோடு செய்யும் வியாபாரம்.

கடைசியாக, நம் சொந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். தொழிற்சங்கச் சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. மேடையில் அமர்பவர்கள் ஆண்கள். நம் இயக்கமும் இதற்கு விலக்கல்ல. 1940இலேயே மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்ட மக்களின் அவலத்தைப் பாட்டாக்கி நூலாக வெளியிட்டார், மேடைதோறும் பாடினார். அந்த அம்மையார் நின்ற இடத்தில் இன்று எத்தனை பெண்களை நாம் நிற்க வைத்திருக்கிறோம்? 20 பேரின் பணத்தைச் சதம் பிசகாமல் காக்கத் தெரிந்த பெண்ணுக்கு, ஒரு பிரதேச சபையின் பணத்தைக் காக்கத் தெரியாதா? வரும் உள்ளூராட்சித் தேர்தல்களில் நம் பட்டியல்களை வரையும்போது, தேடிப் பிடித்துப் பெயர் சேர்க்கும் வழக்கத்தை விட்டு, மாதர் சங்கங்களின் ஏட்டிலிருந்தே பெயர்களை எடுக்க வேண்டும் என்று நம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

தெரணியகலைத் தாயின் கொட்டில் இன்னும் நிற்கிறது. அகற்றச் சொன்ன கடிதத்துக்குச் சங்கத்தின் 20 பெண்களும் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார்கள்; அதை எழுதிக் கொடுத்த பேறு நமக்குக் கிடைத்தது. மறு கடிதம் வரலாம், வழக்கும் வரலாம். வந்தால் நாம் நீதிமன்றத்துக்குப் போவோம். ஆனால் ஒரு கொட்டிலுக்கு ஒரு வழக்கு என்று எத்தனை தலைமுறை வாதாடுவது? இக்கூட்டம் கலையும் முன், வாசலில் வைத்திருக்கும் ஏட்டில் ஒவ்வொரு சங்கமும் தன் தோட்டத்தின் பெயரையும், உறுதி உள்ள வீடுகளின் தொகையையும், இல்லாத வீடுகளின் தொகையையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். நாம் கொண்டு செல்லப் போகும் மனுவின் முதற் பக்கம் அதுவே.